பவளத் தீவின் மண்ணுக்குத் தடை எது: உப்பா, சுண்ணாம்பா?

திசைகாட்டி:

வெப்பமண்டலக் கடலில் உள்ள சிறு பவளத் தீவுகளைப் பற்றிய குறிப்புகளில் ஒரு விளக்கம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. சுற்றிலும் கடல் இருப்பதால் மண் உப்பாகிவிடுகிறது, ஆகையால் பயிர் விளைவதில்லை என்பதே அது. இந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. மார்ஷல் தீவுகளின் தெற்கிலுள்ள ஜாலூயிட் அடோலில் (அடோல் என்பது காயலைச் சுற்றி வளையமாக அமைந்த பவளத் தீவுத்தொகுதி) ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அவ்வளவு மழையும் பரு மணலின் வழியே இறங்கும்போது உப்பு எப்படித் தங்கும்? தங்குவதில்லை என்றால், அங்கே காய்கறிச் செடிகள் இலை வெளுத்துக் குன்றி நிற்பதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றி விவாதிப்பதற்கு முன் அந்த நிலம் எவ்வாறு அமைந்தது என்பதிலிருந்து தொடங்கினால் நல்லது. புவியியல் தெரிந்தவர்கள் அதை முதலில் விளக்க வேண்டுகிறேன்.

மணற்குன்று:

நிலத்தின் பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மண்ணின் குணம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

கடலடியில் எழுந்த எரிமலை ஒன்று மெல்ல அமிழ்கிறது. அதன் விளிம்பில் பற்றி வளரும் பவளப்பார் அமிழும் வேகத்துக்கு ஈடாக மேல்நோக்கி வளர்கிறது. இறுதியில் மலை மறைந்து, நடுவில் காயலும் சுற்றிலும் பாரும் எஞ்சுகின்றன. இக்கருத்தை 1842இல் டார்வின் நூலாக வெளியிட்டார். அதைச் சோதிக்க 1896 முதல் 1898 வரை துவாலுவின் ஃபுனாஃபுட்டி அடோலில் துளையிட்டார்கள். 340 மீட்டர் ஆழம் வரை சென்றும் எரிமலைப் பாறை தென்படவில்லை. 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணப்பாறையைக் கடந்த பிறகுதான் துளைக்கருவி பசால்ட் என்னும் எரிமலைப் பாறையைத் தொட்டது. நம் விவாதத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றே. எரிமலைப் பாறை ஒரு கிலோமீட்டருக்கும் கீழே புதைந்து கிடப்பதால், பாறை சிதைந்து இரும்பும் பொட்டாசியமும் களிமண்ணும் தருகின்ற வழி தீவின் மேற்பரப்புக்கு அடியோடு அடைபட்டுவிட்டது.

ஆனால் அடோல் வேறு, அதன்மேல் அமர்ந்திருக்கும் தீவு வேறு. அடோல் கோடிக்கணக்கான ஆண்டுகளின் விளைவு என்றாலும், அதன் விளிம்பில் உள்ள தீவுகள் பெரும்பாலும் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் உருவானவை. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, இன்றைய அடோல்கள் செங்குத்தான சுண்ணப்பாறை மேடுகளாக நின்றன. மழை அவற்றை அரித்துக் குகையும் துளையுமாக ஆக்கியது. பின்னர்க் கடல் ஏறி அவற்றை மூடியது. பழைய பாறையின்மேல் புதிய பார் வளர்ந்தது. பசிபிக்கின் நடுப்பகுதியில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய நிலையைவிட ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை உயர்ந்திருந்து பிறகு தாழ்ந்ததால், பாரின் தட்டையான மேற்பரப்பு அலைகள் மணலையும் கல்லையும் குவிப்பதற்கு ஏற்ற மேடையாக அமைந்தது.

அப்படிக் குவிந்தவை அனைத்தும் உயிர்களின் எச்சமே. பவளத்தின் முறிந்த கிளைகள், சிப்பி ஓடுகள், ஹாலிமீடா என்னும் சுண்ணப் பாசியின் தட்டுகள், ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளின் கூடுகள் ஆகியவற்றோடு கிளிமீன் கடித்து அரைத்துக் கழித்த பவளத் தூளும் அதில் உண்டு. மாலத்தீவின் வக்காரு தீவைச் சுற்றி நடந்த ஆய்வில், புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கிளிமீன்களின் வேலை என்று 2015இல் வெளியிட்டார்கள். ஆகவே பார் நலிந்தால் மணல் வரத்தும் நலியும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு தேவைப்படும்.

குறுக்குவெட்டாகப் பார்த்தால், வெளிக்கடல் பக்கத்தில் புயல் எறிந்த கற்சிதறல்களால் ஆன உயரமான கரைமேடு இருக்கும். அதிலிருந்து நிலம் மெல்லச் சரிந்து நடுவில் ஒரு தாழ்ந்த பகுதியாகி, காயல் பக்கத்தில் நுண்மணலால் ஆன சிறு மேட்டில் முடியும். கரையோரத்தில் அலை ஏறி இறங்கும் பகுதியில் மணல் துகள்களைச் சுண்ணாம்பே பிணைத்துப் பலகை பலகையாகக் கடற்கரைப் பாறை உருவாகும். அது சில பத்தாண்டுகளிலேயே இறுகிவிடக்கூடும். உயரத்தைப் பொறுத்தவரை, மாலத்தீவின் 1,190 அளவிலான தீவுகளில் இயற்கையாக அமைந்த மிக உயர்ந்த இடமே ஏறத்தாழ 2.4 மீட்டர்தான்.

சுண்ணக்கல்:

மணற்குன்று அவர்கள் நிலத்தைக் காட்டிவிட்டார். அதன்மேல் உள்ள மண்ணைப் பார்ப்போம்.

முதிர்ந்த காட்டின் கீழ் ஒரு குழி வெட்டினால், மேலே ஒன்று முதல் மூன்று சாண் வரை கருத்த அல்லது சாம்பல் நிற அடுக்கு தெரியும். அதற்குக் கீழே நிறம் சட்டென்று மாறி வெளிர் மணலாகும், அவ்வளவுதான். வேறெங்கும் காணும் செம்மண் அடுக்கோ, களி இறங்கிச் சேர்ந்த அடுக்கோ இல்லை. மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். மேலே இலைமட்கு கலந்திருக்கிறது என்பதே வேறுபாடு. கீழ்மணலில் சுண்ணாம்பு பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் தோன்றுகின்றன. மண்ணில் சத்துகளைப் பற்றி வைத்திருக்கும் ஆற்றல் பிற இடங்களில் களிமண்ணுக்கும் மட்குக்கும் பங்காக இருக்கிறது. இங்கே களிமண் கிடையாது. ஆகையால் அந்த ஆற்றல் முழுவதும் மட்கைச் சார்ந்தது. புதர்களைக் கொளுத்தி நிலத்தைத் திருத்தினால் பற்றி வைக்கும் கையையே வெட்டிவிட்டோம் என்று பொருள். அதற்குப் பிறகு இடப்படும் உரம் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும்.

இரண்டாவது, கார நிலை. மட்கு நிறைந்த மேலடுக்கில் பி.எச். (அமில, கார நிலையின் அளவு; 7க்கு மேல் காரம்) 7.5 முதல் 8 வரையிலும், கீழ்மணலில் 8க்கு மேலும் இருக்கும். பி.எச். ஓர் அலகு ஏறும்போது கரைசலில் இருக்கக்கூடிய ஃபெரிக் (இரும்பு) அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் இந்த மணலில் தொடக்கத்திலிருந்தே இரும்பு மிகக் குறைவு. மாங்கனீசு, துத்தநாகம், செம்பு ஆகியவையும் அதே வழியில் செடிக்கு எட்டாமல் போகின்றன. இலையின் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளாகி வெளுப்பது இரும்புக் குறையின் நேரடி அடையாளம். திசைகாட்டி குறிப்பிட்ட வெளுத்த இலை இதுதான். உப்பால் பாதிக்கப்பட்ட இலை பெரும்பாலும் நுனியிலும் ஓரத்திலும் கருகும். நரம்புகளுக்கு இடையே வெளுப்பது அதன் இயல்பன்று.

ஆகவே என் முடிவு: நிலையான தடை சுண்ணாம்பு, உப்பு வந்துபோகும் விருந்தாளி.

உப்பளம்:

“வந்துபோகும் விருந்தாளி” என்பது சற்று எளிதாகச் சொல்லப்பட்டுவிட்டது. அந்த விருந்தாளி எத்தனை காலம் தங்குகிறார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குக் தீவுகளின் வடக்கிலுள்ள புகாபுகாவை 2005இல் பெர்சி புயல் தாக்கியபோது அலைகள் நிலத்தின் மேலேறின. கடல்நீர், சேம்பு பயிரிட நிலத்தடி நீர் வரை தோண்டிய குழிகளில் தேங்கியது. நிலத்தடி நன்னீர் உப்பாயிற்று. அந்த நீர் மீண்டும் குடிக்கத் தக்க நிலைக்கு வர ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின என்று பின்னர் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகும் ஆழத்தில் உப்பு எஞ்சியிருந்தது. சதுப்புச் சேம்பு முற்ற ஆண்டுக்கணக்காகும் பயிர் என்பதால், ஒருமுறை கிழங்குகள் அழுகினால் இழப்பு நீரின் மீட்சியோடு முடிந்துவிடுவதில்லை.

இது தவிர, வெளிக்கடல் பக்கத்தில் காற்று சுமந்து வரும் உப்புத் துவலை ஆண்டு முழுவதும் உண்டு. ஸ்கேவோலா, ஹீலியோட்ரோப்பியம் போன்ற தடித்த இலைப் புதர்கள் மட்டுமே அங்கே முன்வரிசையில் நிற்பதும், ஈரப்பலா போன்ற மரங்கள் உள்ளே தள்ளி வளர்வதும் உப்பின் ஆட்சியைத்தான் காட்டுகின்றன. மழை குறைந்த தீவுகளில் நிலைமை இன்னும் கடுமையாகும். ஜாலூயிட்டின் 4,000 மில்லிமீட்டரை எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசினால் மார்ஷல் தீவுகளின் வடபகுதிக்கே அந்த முடிவு பொருந்தாது.

சுண்ணக்கல்:

உப்புத் துவலையை நான் மறுக்கவில்லை. அது மண்ணின் குணம் அன்று, காற்றின் குணம் என்கிறேன். முன்வரிசைப் புதர்களை வெட்டிவிட்டால் துவலை உள்ளே வரும். அவற்றை வளரவிட்டால் நிற்கும். மண் இரு நிலையிலும் ஒன்றுதான்.

கடல்நீர் ஏறிய நிலத்தைப் பற்றி ஒன்று கூறலாம். களிமண் நிலத்தில் கடல்நீரின் சோடியம் களித்துகளில் ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டமைப்பையே குலைத்துவிடும். அதை மீட்க ஜிப்சம் இட வேண்டியிருக்கும். பவள மணலில் ஒட்டிக்கொள்ளக் களியும் இல்லை, கால்சியத்துக்குப் பஞ்சமும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு மாலத்தீவில் மேல்மண்ணின் உப்பை மழை கணிசமாகக் கழுவியதற்கு இதுவே காரணம். புகாபுகாவில் நீண்டகாலம் உப்பாக இருந்தது நிலத்தடி நீர். குழிகளுக்கு வெளியே இருந்த மேல்மண் அன்று. இரண்டையும் பிரித்துப் பேசினால் நமக்குள் வேறுபாடு அதிகம் இராது.

நீரோட்டம்:

பிரித்துப் பேசலாம், ஆனால் வேர் அந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. அடோல் தீவில் நிலத்தடி நீர் பல இடங்களில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. தென்னையும் தாழையும் அதை நேரடியாக எட்டுகின்றன. எனவே நன்னீர் வில்லையை, அதாவது தீவின் அடியில் கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கும் நன்னீரைப் பற்றிக் கூறாமல் இம்மண்ணைப் பற்றி முடிவு கூற முடியாது.

பெய்யும் மழை மணலின் வழியே இறங்கி, உள்ளே ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. இந்தச் சிறு வேறுபாட்டினால், நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அலகு உயர்ந்து நின்றால் கீழே 40 அலகு ஆழத்துக்கு இறங்கி நிற்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கைபனும் ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே காட்டினார்கள். பாடநூல்களில் இந்த விகிதம் அழகான வில்லை வடிவமாக வரையப்பட்டிருக்கும். அடோலில் அந்தப் படத்தை நம்பிக் கிணறு வெட்டினால் ஏமாற்றமே மிஞ்சும்.

காரணம், மணற்குன்று அவர்கள் குறிப்பிட்ட பழைய பாறையில் இருக்கிறது. பனியுகத்தில் மழை அரித்துத் துளைகளாக்கிய அந்தச் சுண்ணப்பாறை, பல அடோல்களில் 15 முதல் 25 மீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. அதன் வழியே நீர் புகும் வேகம் மேலே உள்ள மணலைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு அதிகம். கடல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உப்புநீர் அந்தத் துளைகளின் வழியே தடையின்றிப் புகுந்து வெளியேறுகிறது. நன்னீர் எவ்வளவு சேர்ந்தாலும் பழைய பாறையைத் தொட்டவுடன் கலக்கப்பட்டுவிடுவதால், வில்லையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது போல நிற்கிறது. அதற்கு மேலும் தூய நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையில் கூர்மையான எல்லை இல்லை. பல மீட்டர் தடிமனுள்ள கலப்புப் பகுதி இருக்கிறது. நடுத்தீவில் கிணற்றின் நீர்மட்டம் கடலின் ஏற்ற இறக்கத்தைச் சிறிது தாமதமாகப் பின்பற்றுவதை எவரும் காணலாம்.

வில்லை தீவின் நடுவிலும் சரியாக அமைவதில்லை. காயல் பக்க மணல் நுண்ணியது, நீரைத் தடுத்து வைக்கிறது. வெளிக்கடல் பக்கக் கற்சிதறல் அதை விட்டுவிடுகிறது. ஆகையால் வில்லையின் தடிமனான பகுதி பெரும்பாலும் காயலை நோக்கி ஒதுங்கியிருக்கும். சில நூறு மீட்டர் அகலம்கூட இல்லாத தீவில் நிலையான வில்லை உருவாவதே அரிது. அடோல் தீவின் மதிப்பை நிலப்பரப்பை வைத்துக் கணக்கிடுவதைவிட அகலத்தையும் மழையையும் வைத்துக் கணக்கிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. ஒரே பரப்புள்ள இரண்டு தீவுகளில் நீண்டு மெலிந்தது தாகத்தில் தவிக்கும்.

எடுக்கும் முறையும் முக்கியம். ஆழத்தில் குழாய் இறக்கி வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்புநீர் கூம்பாக எழும்பும். கிரிபாஸ் நாட்டின் தராவா அடோலிலுள்ள பொன்ரிக்கியில் வில்லையின் மேற்பகுதியிலேயே கிடைமட்டக் குழாய்களைப் பதித்து, மேலேட்டை வழித்தெடுப்பதுபோல் மெல்ல இறைப்பது இதனால்தான்.

மண்ணுக்கு வருகிறேன். பரு மணல் நீரைப் பிடித்து வைப்பதில்லை. மழை நின்ற சில நாள்களில் மேலடுக்கு உலர்ந்துவிடும். வேர் ஆழமில்லாத காய்கறிச் செடி வாடும். அருகில் உள்ள தென்னை வில்லையிலிருந்து உறிஞ்சிப் பச்சையாக நிற்கும். ஆகவே உப்பு, சுண்ணாம்பு என்ற இரண்டு விடைகளுக்கு நடுவே வறட்சியையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2011இல் துவாலு நாடு குடிநீர்ப் பற்றாக்குறைக்காக நெருக்கடி நிலையை அறிவித்ததை நினைவில் கொள்ளுங்கள். நல்ல மழை பெறும் நாடுதான் அது.

திசைகாட்டி:

தெளிவாக இருக்கிறது. ஒரு துணைக் கேள்வி: உள்ளூர்ப் பாறை களிமண் தராவிட்டாலும், காற்றோ கடலோ வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லையா?

சுண்ணக்கல்:

சேர்க்கின்றன, ஆனால் தாழ்ந்த அடோல்களில் அதைத் தேக்கி வைக்கக் காலம் போதவில்லை. பார்படோஸ் போன்ற உயர்ந்தெழுந்த பவளத் தீவில், சுண்ணப்பாறைப் படிகளின் மேல் தடித்த களிமண் இருக்கிறது. அதன் மூலப்பொருளில் கணிசமான பகுதி சகாராவிலிருந்து காற்றில் வந்த தூசும் செயின்ட் வின்சென்ட் எரிமலையின் சாம்பலுமே என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தப் படிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அலைக்கு எட்டாமல் நின்றவை. இரண்டு மீட்டர் உயரத்தில், இரண்டாயிரம் ஆண்டு வயதில், புயல்தோறும் புதுமணல் பூசப்படும் தீவோடு அவற்றை ஒப்பிட முடியாது. கடல் வழியே வருவது நுரைக்கல். 1883இல் கிராகடோவா எரிமலை வெடித்த பிறகு நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து சென்றன. அடோல் கரைகளில் ஒதுங்கும் அத்தகைய கற்கள் அங்கே சிலிக்கா தரும் அரிய வரவு என்றாலும், அளவில் மிகச் சிறியவை.

களிமண் இல்லாமையின் விளைவை உலகம் மிகக் கசப்பான வழியில் அறிந்த இடம் மார்ஷல் தீவுகளின் பிகினி அடோல். 1954 மார்ச் 1 அன்று நடந்த பிராவோ வெடிப்பு உள்ளிட்ட அணுச் சோதனைகளுக்குப் பிறகு அந்த மண்ணில் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் படிந்தது. கண்டத்து மண்களில் சீசியம் சிலவகைக் களிமண் ஏடுகளுக்கு இடையே சிக்கிக்கொள்வதால் செடிக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது. பிகினியில் அதைச் சிறைப்படுத்தக் களி இல்லை. கூடவே பொட்டாசியமும் மிகக் குறைவு. வேதிக் குணத்தில் பொட்டாசியத்தை ஒத்த சீசியத்தை, பொட்டாசியப் பசியில் இருந்த தென்னை வாரி உறிஞ்சியது. திரும்பக் குடியேறியவர்கள் 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டதற்கு, அங்கு விளைந்த உணவின் வழியே உடலில் சேர்ந்த சீசியமே காரணம். பிற்காலத்தில் அங்கே பொட்டாசியம் குளோரைடு உரமிட்டபோது தேங்காயில் சேரும் சீசியம் பெருமளவு குறைந்தது. கதிர்வீச்சு பற்றிய ஆய்வாகத் தொடங்கியது, பவள மண்ணின் பொட்டாசியக் குறையை அளந்துகாட்டிய சான்றாகவும் ஆகிவிட்டது.

கடற்காகம்:

இதுவரை பறவைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பவளத் தீவில் செழிப்பான மண் இருக்கிறது என்றால், அங்கே கடலிலிருந்து சத்தைச் சுமந்து வந்தது பறவை என்று கொள்ளலாம். மனிதன் கைவைத்த குழிகள் மட்டுமே இதற்கு விலக்கு.

பிசோனியா கிராண்டிஸ் என்னும் மரம் அடர்ந்த காடாக நிற்கும் தீவுகளைக் கவனியுங்கள். அதன் கிளைகளில் ஆலாக்களும் பிற கடற்பறவைகளும் கூட்டமாக அமர்கின்றன. கீழே விழும் எச்சமும் இலைச் சருகும் சேர்ந்து, சுண்ணாம்பு மணலின் மேலேயே அமிலத் தன்மையுள்ள மட்கு அடுக்கு உருவாகிறது. அந்த அமிலம் எச்சத்தின் பாஸ்பரஸைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்ல, அது சுண்ணாம்பைத் தொட்டவுடன் கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்து பழுப்பு நிறக் கடினத்தட்டாக இறுகுகிறது. மார்ஷல் தீவுகளின் வடபகுதியில் ஆய்வு செய்த ஃபாஸ்பெர்க் 1950களில் இதை ஜெமோ மண்வகை என்று தனியே பிரித்து விளக்கினார். கார நிலை பற்றிச் சுண்ணக்கல் அவர்கள் கூறிய விதிக்கு இது அழகான விலக்கு. சுண்ணாம்பை வெல்ல இயற்கைக்குத் தெரிந்த வழி இந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே வினை நெடுங்காலம் நடந்து, தீவும் உயர்ந்தெழுந்தால் பாஸ்பேட் பாறை கிடைக்கிறது. நவூரு, பனாபா, மக்காட்டேயா ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. வெறும் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவூருவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்ததில் தீவின் பெரும்பகுதி கூர்மையான சுண்ணப்பாறைத் தூண்கள் நிற்கும் பாழ்நிலமாயிற்று. மக்காட்டேயாவில் 1966இலும் பனாபாவில் 1979இலும் சுரங்கம் நின்றது. இம்மூன்று தீவுகளின் பாஸ்பேட்டும் தொலைதூர நாடுகளின் வயல்களுக்கு உரமாகப் போயிற்று.

எலி புகுந்த தீவில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. முட்டைகளையும் குஞ்சுகளையும் எலிகள் தின்றுவிடுகின்றன. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எலியுள்ள தீவுகளையும் எலியில்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வின்படி, எலியில்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கும், அவை மண்ணில் சேர்க்கும் நைட்ரஜன் 251 மடங்கும் அதிகம். அந்தச் சத்து மழையில் கரைந்து கடலுக்கும் செல்கிறது. அருகிலுள்ள பார்களில் மீன்களின் மொத்த எடை 48 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மணற்குன்று அவர்கள் குறிப்பிட்ட கிளிமீனும் அந்த மீன்களில் ஒன்று என்பதால், பறவை இல்லாத தீவுக்கு மணல் வரத்தும் குறையலாம் என்று ஊகிக்க இடமிருக்கிறது. இது என் ஊகம் மட்டுமே.

தென்னந்தோப்பும் ஏறத்தாழ எலியின் வேலையைச் செய்கிறது. பசிபிக்கிலுள்ள பல்மைரா அடோலில், இயற்கைக் காடு தென்னையாக மாறிய இடங்களில் பறவைகள் அமர்வது குறைந்து மண்ணின் சத்தும் வீழ்ந்திருந்தது. கொப்பரைக்காக உலகெங்கும் பவளத் தீவுகளைத் தென்னந்தோப்புகளாக்கிய காலனியக் கால முதலாளிகள் எவரும் இதைக் கணக்கில் வைக்கவில்லை.

உப்பளம்:

கடற்காகம் அவர்கள் விலக்காகக் கூறிய குழிகளைப் பற்றிச் சில வரிகள். கிரிபாஸிலும் துவாலுவிலும் தீவின் நடுத் தாழ்வில் நிலத்தடி நீரைத் தொடும் வரை குழி தோண்டுகிறார்கள். அதில் அடிப்பாகமில்லாத ஓலைக் கூடைகளை வைத்துச் சதுப்புச் சேம்பை நட்டு, குறிப்பிட்ட சில மரங்களின் இலைகளையும் கருமண்ணையும் ஆண்டுக்கணக்காக இட்டு நிரப்புகிறார்கள். அங்கே மண் கண்டெடுக்கப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுகிறது. வறட்சி, சுண்ணாம்பு ஆகிய இரண்டு தடைகளையும் ஒரே குழியில் கடந்துவிட்ட ஏற்பாடு இது. மூன்றாவதான உப்பைத்தான் அதனால் கடக்க முடியவில்லை. நிலத்தின் மிகத் தாழ்ந்த இடமாகவும் நன்னீர் வில்லையின்மேல் திறந்த வாயாகவும் இருப்பதால், கடல் ஏறும்போது முதலில் அழிவது அதுவே. எனவே மணல்மேட்டுக்கு உப்பு விருந்தாளியாக இருக்கலாம். மக்கள் உண்ணும் கிழங்கு விளையும் இடத்துக்கு அது பகைவன் என்ற என் நிலையில் மாற்றமில்லை.

மணற்குன்று:

இந்தத் தீவுகள் மூழ்கிவிடுமா என்ற கேள்வி எப்படியும் எழும் என்பதால், தரவுகளை நானே முன்வைக்கிறேன். துவாலுவின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரையிலான வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் வழியே ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வில், நாட்டின் மொத்த நிலப்பரப்பு 73.5 ஹெக்டேர், அதாவது 2.9 விழுக்காடு கூடியிருந்தது தெரியவந்தது. அதே காலத்தில் அங்கே கடல்மட்டம் உலகச் சராசரியைவிட வேகமாக உயர்ந்தது. சில சிறு தீவுகள் தேய்ந்தன. பல தீவுகள் ஒரு கரையில் இழந்து மறு கரையில் சேர்த்துக்கொண்டு இடம்பெயர்ந்தன.

புயல் அழிக்கிறது, கொடுக்கவும் செய்கிறது. 1972இல் பீபி புயல் ஃபுனாஃபுட்டியைத் தாக்கியபோது, பாரின்மேல் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளக் கற்சிதறல்களால் ஆன அணை ஒன்றை ஒரே நாளில் எழுப்பியது. பின்வந்த ஆண்டுகளில் அலைகள் அந்தக் கற்களைத் தீவின் கரைக்கு நகர்த்திச் சேர்த்தன. மறுபுறம், இலட்சத்தீவில் பங்காரம் அடோலைச் சேர்ந்த மனிதர் வாழாத பரளி 1 தீவு அரிப்பினால் முழுவதும் மறைந்துவிட்டது என்று 2017இல் செய்தி வந்தது. ஆகவே எல்லாத் தீவும் மூழ்கும் என்பதும் எந்தத் தீவும் மூழ்காது என்பதும் ஒரே அளவுக்குப் பொறுப்பற்ற பேச்சு. பார் உயிரோடு இருந்து மணல் தரும் வரை தீவு நகர்ந்து நகர்ந்து நிலைக்கும். கரையைக் கான்கிரீட் சுவரால் பூட்டினால் அந்த நகர்வுக்கு வழியில்லாமல் போகும்.

நீரோட்டம்:

பரப்பு கூடியது உண்மை. ஆனால் எந்த நிலம் கூடியது என்று கேட்க வேண்டும். கரையில் புதிதாகச் சேர்ந்த மணல் நாக்கின் கீழ் நன்னீர் வில்லை கிடையாது. அங்கே கருத்த மேலடுக்கும் இல்லை. மறு கரையில் அரிக்கப்பட்டது பல நூற்றாண்டு மட்குச் சேர்ந்த பழைய மண்ணாக இருந்தால், செயற்கைக்கோள் கணக்கில் இரண்டும் சமம் ஆகும். வேளாண் கணக்கில் ஆகாது. அலைகள் அடிக்கடி நிலத்தின்மேல் ஏறத் தொடங்கினால், ஒருமுறை உப்பான வில்லை தேறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். அந்த நிலையில் தீவு படத்தில் முழுதாகத் தெரிந்தாலும் அங்கே குடியிருக்க இயலாது. குடியிருப்புக்கு முதலில் தடையாகப் போவது நிலத்தின் இழப்பு அன்று, நீரின் இழப்பு என்பது என் கணிப்பு.

மணற்குன்று:

அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நிலைத்த நிலம் இருக்கும் வரை நீரைக் கூரையிலிருந்து சேமிக்கலாம், கடல்நீரைச் சுத்திகரிக்கலாம். நிலம் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. எனவே முதன்மை எதற்கு என்பதில் நாம் வேறுபடுகிறோம்.

திசைகாட்டி:

அப்படியானால் காயலிலிருந்து மணலைத் தூர்த்து எடுத்துப் புதிய நிலம் உண்டாக்கும் இடங்களில் நிலைமை என்ன? இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளம் அமைக்க ஃபுனாஃபுட்டியில் தோண்டப்பட்ட பள்ளங்கள் 2015இல் காயல் மணலால் நிரப்பப்பட்டன. மாலத்தீவின் ஹுல்ஹுமாலே முழுவதுமே அத்தகைய நிலம்தான்.

சுண்ணக்கல்:

அத்தகைய மணல் கடல்நீரில் நனைந்தே வருகிறது. நல்ல மழை பெறும் தீவில் மேற்பகுதியின் உப்பு ஓரிரு மழைக்காலங்களில் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகு மிஞ்சுவது மட்கே இல்லாத, பி.எச். 8க்கு மேற்பட்ட வெண்மணல். அதில் நேராகக் காய்கறி பயிரிட்டு இரும்பு உரத்தைச் சாதாரண இரும்பு சல்பேட்டாக மண்ணில் இட்டால், சுண்ணாம்பு அதைச் சில நாள்களில் செயலிழக்கச் செய்துவிடும். இலையில் தெளிப்பதோ, இத்தகைய கார மண்ணிலும் சிதையாத கொடுக்கிணைப்பு (செலேட்) வடிவில் இடுவதோதான் பயன் தரும். நிலையான வழி, கடலோரப் புதர்களை முதலில் வளரவிட்டு, அவற்றின் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் அப்படியே மட்கவிடுவது. பயிரிடும் பகுதியை மட்டும் தனியே குழியாகவோ பாத்தியாகவோ பிரித்து, தீவில் கிடைக்கும் தழையும் சமையற்கழிவும் பன்றி, கோழி எருவும் முழுவதையும் அங்கேயே குவிக்க வேண்டும். பரவலாக இட்டால் மணல் விழுங்கிவிடும். இடும் எருவில் பொட்டாசியம் போதுமானதா என்பதைத் தனியே கவனிக்க வேண்டும். தேங்காய் மட்டையின் சாம்பல் அதற்குக் கைகொடுக்கும் என்றாலும் அதுவும் காரம் என்பதால் அளவோடு இட வேண்டும்.